இடது காலுக்கு ஒரு கார்

டாக்டர் அவளுடைய முட்டியை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார்.

"கார் ஓட்டக் கத்துக்குடுக்கறேன்."

"கத்துக்குடுக்கறதுன்னா வாயாலதானே?"

"காலாலயும்தான் டாக்டர். என் பக்கத்துலயும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கு. அவங்க தப்பா விடறதுக்குள்ள நான் மிதிக்கணும்."

"எத்தனை வருஷமா மிதிக்கறீங்க?"

"பதினெட்டு."

டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். சிரிப்பை அடக்குபவர் மாதிரி உதட்டைச் சுழித்தார். ஆனால் அவர் சொன்னதில் சிரிக்க ஒன்றுமில்லை.

"வலது முட்டிக்கு உங்க வயசு. இடது முட்டிக்கு உங்க அம்மா வயசு. கிளட்ச் மிதிக்கறதை நிறுத்துங்க. இல்லேன்னா அடுத்த வருஷம் இந்நேரம் ரெண்டு பேரும் ஆபரேஷனுக்குத் தேதி பாத்துட்டு உக்காந்திருப்போம்."

அவள் மருந்துச் சீட்டை நான்காக மடித்து, காரின் டேஷ்போர்டுக்குக் கீழே இருந்த பெட்டியில், பழைய இன்சூரன்ஸ் தாள்களுக்கு அடியில் செருகினாள். வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. போனால் புருஷன் கண்ணில் படும். பட்டால் பள்ளிக்கூடம் மூடப்படும்.

பள்ளிக்கூடம் என்றால் கட்டடம் கிடையாது. கூரையில் மஞ்சள் பலகை வைத்த ஒரு கார், பக்கவாட்டில் எழுதிய ஒரு போன் நம்பர், முன் சீட்டில் அவள். அவ்வளவுதான் பள்ளிக்கூடம். காலை ஆறு மணிக்கு முதல் வகுப்பு, சாயங்காலம் ஏழுக்குக் கடைசி. நடுவில் மொத்தம் எட்டு மணி நேரம் ஓட்டம். அந்த வட்டாரத்தில் அவளை எல்லோரும் 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றப் பள்ளிகளில் மூன்று முறை கற்றும் வராதவர்கள் கடைசியில் டீச்சரிடம் வந்து சேருவார்கள். மேட்டில் வண்டி பின்னால் உருளாமல் கிளம்ப வைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று பேர். புதிதாக வருபவரிடம், "இடது கால் செருப்பைக் கழட்டுங்க. கிளட்ச் என்ன சொல்லுதுன்னு வெறுங்காலுக்குத்தான் கேக்கும்" என்பாள். அதைச் சொல்லிச் சொல்லியே அவளுடைய இடது காலுக்கு இந்தக் கதி.

புருஷன் மின்சார அலுவலகத்தில் மீட்டர் ரீடர். தெருத்தெருவாக நடந்து வீட்டு மீட்டர்களைக் குறித்துக்கொண்டு வரும் உத்தியோகம். தெருவில் அவருக்குப் பெயரே 'மீட்டர்'தான். நல்ல மனுஷர். அதுதான் சிக்கல். நான்கு வருஷம் முன்பு அவளுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் படுத்தபோது, நாலாம் நாள் அவராகவே கூரையிலிருந்த மஞ்சள் பலகையைக் கழற்றிக் கொண்டுவந்து பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டார். "உழைச்சது போதும்மா. என் சம்பளத்துல ரெண்டு பேர் சாப்பிட முடியாதா?" என்று அன்பாகத்தான் கேட்டார். அந்த அன்பிலிருந்து பலகையை மீட்டு மறுபடி கூரையில் ஏற்ற அவளுக்கு ஒன்றரை மாதம் பிடித்தது. இந்த முறை டாக்டரே சொல்லிவிட்டார் என்று தெரிந்தால், பலகை பீரோவோடு நிற்காது, பழைய இரும்புக் கடைக்கே போய்விடும்.

ஆகவே வேறு வழியாகக் கிளம்பினாள். கிளட்ச்சே இல்லாத கார் வாங்கிவிட்டால் முட்டியும் பிழைக்கும், பள்ளியும் பிழைக்கும், அவருக்கு ஒன்றும் தெரியவும் வேண்டாம்.

"என்னங்க, நம்ம வண்டிக்கு வயசாயிடுச்சு. ஒரு எலக்ட்ரிக் கார் வாங்கினா என்ன?" என்று ஒரு சாயங்காலம், அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது, போகிற போக்கில் போட்டாள்.

அவர் ஒரு கால் ஷூவோடு நிமிர்ந்தார். "கரண்ட் காரா?"

"ஆமா. உங்க டிபார்ட்மென்ட்தான்."

"கரண்ட் சமாசாரத்தை என்கிட்ட விடு" என்றார் அவர். குரலில் பொறுப்பு ஏறிவிட்டது. விட்டிருக்கக் கூடாது என்று அவளுக்கு அப்போதே தோன்றியது.

அடுத்த மூன்று வாரம் மீட்டர் வேறு எதையும் பேசவில்லை. அவர் நடக்கும் தெருக்களில் நான்கு வீடுகளில் எலக்ட்ரிக் கார் இருந்தது. நான்கு வீட்டிலும் மீட்டரைக் குறித்த கையோடு வாசலிலேயே நின்று விசாரித்தார். பல் டாக்டர் ஒருவர், கல்யாணத்துக்கு அப்புறம் தான் செய்த உருப்படியான காரியம் அதுதான் என்று மனைவியின் காதுபடச் சொன்னார். ஒரு பாட்டு டீச்சர், குளிர் நாளில் சொன்ன தூரம் ஓடுவதில்லை என்று குறைப்பட்டார். மூன்றாவது வீட்டில் காரைவிடப் பக்கத்து வீட்டுக்காரர் மீதுதான் புகார். சார்ஜ் ஒயரைத் தாண்டிப் போக அவருக்கு வலிக்கிறதாம். நான்காவது வீட்டில் கார் அழகாக உறை போட்டு நின்றது. ஓட்டுகிறவர் வெளிநாட்டில்.

எல்லாவற்றையும் ஒரு தாளில் இரண்டு பக்கமும் எழுதி, ஒரு சாயங்காலம் மேஜைமேல் விரித்தார்.

"இந்தா பாரு. ஒரு நாளைக்கு எண்பது கிலோமீட்டர்தான் நீ ஓடறே. ஒரு தடவை சார்ஜ் போட்டா ரெண்டு நாளைக்கு வரும். தூரம் பிரச்னை இல்ல."

"சரி."

"உன் ஓட்டம் ஊர்ந்து ஊர்ந்து போற ஓட்டம். நின்னு நின்னு போறதுல பெட்ரோல் கார் குடிக்கும், இது குடிக்காது. வீட்டுக்காரர்கிட்டயும் பேசிட்டேன். தனி மீட்டர் வச்சுக்கிட்டா வாசல்ல சார்ஜ் போட்டுக்கலாம்னுட்டார். விலை அதிகம்தான். ஆனா உன் ஓட்டத்துக்கு நாலு வருஷத்துல சரியாப் போயிடும்."

அவள் முகம் மலர்ந்தது. "அப்ப வாங்கலாம்."

"வேண்டாம்."

"ஏங்க?"

"ரெண்டு வருஷம் போகட்டும். விலை இறங்கும். பேட்டரி இன்னும் நல்லா வரும். இப்ப இருக்கற வண்டி நல்லாத்தானே ஓடுது? அப்புறம், கியர் இல்லாத வண்டில கத்துக்கிட்டா லைசென்ஸும் கியர் இல்லாததுக்குத்தான் தருவாங்க. வேன் ஓட்டறவன், லாரிக்குப் போறவன் எவனும் உன்கிட்ட வரமாட்டான். எதுக்கு இப்ப அவசரம்?"

அவசரம் மேஜைக்கு அடியில் வீங்கியிருந்தது. அவள் காலைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டாள். தாளில் இருந்த அத்தனையும் சரி. இல்லாத ஒன்றே ஒன்றுதான் கணக்கைக் கவிழ்த்தது. அதைத் தான்தான் அவரிடமிருந்து ஒளித்திருக்கிறோம் என்பதால் அவர் மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

"ஒரு தடவை ஓட்டியாவது பாப்போமே. பாக்கறதுக்குக் காசா கேக்கப்போறாங்க?"

"பாக்கலாம்" என்றார் மீட்டர். "பாத்துட்டு ரெண்டு வருஷம் கழிச்சு வாங்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஷோரூமுக்குப் போனார்கள். கண்ணாடிச் சுவர், வழுக்கும் தரை, நடுவில் வெள்ளைக் கார் ஒன்று. விற்பனைக்கு இருந்த பெண் உயரமான செருப்பில் டக்டக்கென்று வந்து, "வாங்க மேடம், வாங்க சார்" என்று சாவி என்ற பெயரில் ஒரு அட்டையை நீட்டினாள்.

"நீங்கதானே மேடம் ஓட்டப் போறீங்க?"

"ஆமா" என்று சொல்லிவிட்டு டீச்சர் போய் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். எதிரே ஸ்டியரிங் இல்லை. பதினெட்டு வருஷம் உட்கார்ந்த பக்கத்து சீட்டில் கால் தானாகப் போய் உட்கார்ந்திருந்தது.

ஷோரூம் பெண் வெளியே நின்று குழம்பினாள். மீட்டர் அவளிடம் குனிந்து, "அவங்க அங்கே உக்காந்தேதான் ஓட்டுவாங்க. வேணும்னா நீங்க சும்மா ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கங்க" என்றார்.

"வாயை மூடிட்டுப் பின்னால ஏறுங்க" என்று சொல்லி இறங்கி, அந்தப் பக்கம் போனாள் டீச்சர்.

ஊரைச் சுற்றி அரை மணி நேரம் ஓட்டினாள். வண்டி தண்ணீரில் போகிற மாதிரி போனது. வலது காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்தால் தானே வேகம் குறைந்தது. நான்கு சிக்னல், ஒரு பாலம், ஒரு பெரிய மேடு. அந்த மேட்டின் நடுவில் வேண்டுமென்றே நிறுத்தி மறுபடி கிளப்பிப் பார்த்தாள். ஒரு விரற்கடை கூடப் பின்னால் உருளவில்லை. இந்த மேட்டில்தான் எத்தனை பேர் அழுதிருக்கிறார்கள், எத்தனை பேருக்கு அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டியிருக்கிறாள். அவளுடைய இடது கால் வேலை இல்லாமல் விருந்தாளி மாதிரி ஓரமாக உட்கார்ந்திருந்தது. சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. கிளட்ச்சைக் கழித்துவிட்டால் தான் என்னத்தைக் கற்றுக்கொடுப்பது?

திரும்பி வந்ததும் ஷோரூம் பெண்ணிடம் சொன்னாள். "நான் ஓட்டினா எல்லா வண்டியும் நல்லாத்தான் ஓடும். இது பள்ளிக்கூட வண்டி. ஓட்டவே தெரியாத ஆளு ஓட்டினா எப்படி இருக்குன்னு பாக்கணும்."

"எங்க ஸ்டாஃப் எல்லாருக்கும் ஓட்டத் தெரியுமே மேடம்."

டீச்சர் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"என்னையா?" என்றார் மீட்டர். இரண்டு அடி பின்னால் போனார்.

ஊருக்கெல்லாம் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவளின் புருஷனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. பன்னிரண்டு வருஷம் முன்பு ஒரு தடவை கற்றுக்கொடுத்தாள். மூன்றாவது வகுப்பில் கிளட்ச்சைப் பட்டென்று விட்டு, வண்டியைத் துள்ள வைத்து, ஒரு குப்பைத் தொட்டியை இடித்துத் தள்ளினார். அவள் சொன்னது, அவர் பதில் சொன்னது, எல்லாம் சேர்ந்து வீட்டில் பதினோரு நாள் பேச்சுவார்த்தை இல்லை. அதற்குப் பிறகு இரண்டு பேரும் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

ஷோரூமுக்குப் பின்னால் மதில் போட்ட பெரிய முற்றம் இருந்தது. புது வண்டிகளைக் கழுவித் துடைத்து நிறுத்துகிற இடம். லைசென்ஸ் இல்லாதவரை ஏற்ற ஷோரூம் பெண் முதலில் தயங்கினாள். நடக்கிற வேகத்தைத் தாண்ட மாட்டார், முற்றத்தை விட்டு வெளியே போக மாட்டார் என்று டீச்சர் உத்தரவாதம் கொடுத்த பிறகு, மேனேஜரைக் கேட்டுவிட்டு வந்து தலையாட்டினாள். மீட்டர் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தார். டீச்சர் பக்கத்தில். இந்த வண்டியில் அவள் பக்கம் மிதிக்க ஒன்றும் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். அவள் காலுக்குத்தான் தெரியாது.

"வலது கால் மட்டும். மெதுவா அழுத்துங்க. முட்டையை மிதிக்கற மாதிரி."

வண்டி நகர்ந்தது. துள்ளவில்லை, இருமவில்லை, அணையவில்லை. மீட்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு முற்றத்தின் மறு மூலை வரை போய், வளைந்து, திரும்பினார். முகத்தில் பத்து வயசு குறைந்துவிட்டது.

"போகுது பாரு" என்றார்.

"ரோட்டைப் பாருங்க. என்னைப் பாக்காதீங்க."

அவள் ஒன்றைக் கவனித்தாள். வழக்கமாக முதல் வகுப்பு முழுக்க அவள் கண் மாணவரின் கால்மேல்தான் இருக்கும். இன்று அவள் அவருடைய கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணாடியைப் பார்க்கிறாரா, மூலையில் என்ன வருகிறது என்று எட்டிப் பார்க்கிறாரா, பயந்தால் தோளை எப்படித் தூக்குகிறார், எல்லாம் தெரிந்தது. பத்தாவது வகுப்பில் ஆரம்பிக்க வேண்டிய பாடம் முதல் ஐந்து நிமிஷத்திலேயே ஆரம்பித்துவிட்டது. கற்றுக்கொடுக்க இருக்கிறது, நிறையவே இருக்கிறது என்று நினைத்தாள்.

நினைத்துக்கொண்டிருக்கும்போதே, வண்டி கழுவுகிறவர் குழாயும் கையுமாக இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து பின்பக்கமாக நடந்து வந்தார். தண்ணீர்ச் சத்தத்தில் அவருக்கு இந்த வண்டி வருவது கேட்கவில்லை. மீட்டர் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை.

"கிளட்ச்" என்று கத்தினாள் டீச்சர்.

பதினெட்டு வருஷமாக அவள் கத்தியது அந்த ஒரு வார்த்தைதான். மாணவர் கிளட்ச்சை மிதித்தால் போதும், பிரேக்கை அவளே பார்த்துக்கொள்வாள். இப்போதும் அவள் கால் பாய்ந்து போய் வெறும் தரையை ஓங்கி மிதித்தது. கிளட்ச்சும் இல்லை, பிரேக்கும் இல்லை.

ஆனால் மீட்டருக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய அந்தக் குரல் மறக்கவில்லை. கிளட்ச் என்ற சொல் காதில் விழுந்ததும் அவருடைய இடது கால் தானாக எழும்பி, அங்கே இருந்த அகலமான பெடலை உயிரைக் கொடுத்து மிதித்தது. கிளட்ச் இல்லாத காரில் அகலமான பெடல் என்பது பிரேக். வண்டி ஆணி அடித்தாற்போல் நின்றது.

குழாய்க்காரர் திரும்பிப் பார்த்தார். முட்டிக்கு நான்கு அடி தூரத்தில் ஒரு வெள்ளைக் கார் சத்தமில்லாமல் நிற்பதைப் பார்த்து, தண்ணீரை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பாத்தியா, சரியா மிதிச்சேன்ல" என்று பெருமையோடு திரும்பிய மீட்டர் அப்படியே நின்றுவிட்டார். டீச்சர் இரண்டு கையாலும் இடது முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். நிறுத்திய வேகத்தில் அது முன்னாலிருந்த பெட்டியில் போய் மோதியிருந்தது. அவள் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வந்துகொண்டிருந்தது.

ஷோரூம் சோபாவில் உட்கார வைத்தார்கள். ஷோரூம் பெண் குளிர்பானப் பெட்டியிலிருந்து ஐஸ் கட்டிகளை ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நாகரிகமாக அந்தப் பக்கம் போய் நின்றாள். மீட்டர் தரையில் மண்டியிட்டு, துணியை முட்டியில் வைக்கப் போனவர், அப்படியே கையை நிறுத்தினார்.

"இது இப்ப பட்ட அடி இல்லையே. இது பழைய வீக்கம்."

அவள் காலை உள்ளே இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

"எத்தனை நாளா?"

"ஏழு மாசம்."

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனேன். கிளட்ச் மிதிக்கக் கூடாதுன்னார். மிதிச்சா ஆபரேஷன்னார்."

மீட்டர் ஐஸை முட்டியில் வைத்து அழுத்திப் பிடித்தார். பிறகு, அவள் ஏழு மாதமாக எதற்குப் பயந்தாளோ அதையே சொன்னார்.

"நாளையிலேருந்து வகுப்புக்குப் போக வேண்டாம்."

"இதுக்குத்தான் சொல்லல."

"எதுக்கு?"

"வலிக்குதுன்னு சொன்னா நீங்க வலியை நிறுத்த மாட்டீங்க, என்னை நிறுத்திடுவீங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான்கு வருஷம் முன்பு பலகையைக் கழற்றியது அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

வீட்டுக்குத் திரும்ப அவர்கள் வந்த பழைய காரில்தான் போக வேண்டும். ஓட்ட அவளால்தான் முடியும். "டாக்ஸி வைக்கலாம்" என்றார். "வண்டியை இங்கேயே விட்டுட்டு நாளைக்கு ஆறு மணி வகுப்புக்கு என்ன பண்றது?" என்றாள். அவள் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். அவர் பக்கத்தில்.

எத்தனையோ தடவை இந்தக் காரில் அவர் போயிருக்கிறார். எப்போதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டு போவார். அன்று வீடு வரும்வரை அவர் சாலையையே பார்க்கவில்லை. அவளுடைய இடது காலைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு தடவை அது கீழே போகும்போதும் அவளுடைய கீழுதடு லேசாக உள்ளே மடிந்தது. ஒரு சிக்னலில், "நான் ஓட்டட்டுமா?" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் தனக்கு ஓட்டத் தெரியாது என்பது நினைவு வந்தது. இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு தயாராக நின்றார். "உன் வழியிலதான் என் ஏரியா. பின்னால உக்காந்து வர்றேன்" என்றார். அவர் ஏரியா வேறு திசையில் இருந்தது. அவள் கேட்கவில்லை.

முதல் மாணவர் ஒரு ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவர். ஐம்பதை நெருங்கியவர். கடை வேனை ஓட்டும் வேலை காலியாகிறது, கியர் லைசென்ஸ் வாங்கிவிட்டால் வேலை உமக்கு என்று முதலாளி சொல்லியிருந்தார். அடுப்புச் சூட்டிலிருந்து தப்பிக்க அவருக்குக் கிடைத்த ஒரே வழி.

"யாரு டீச்சர் பின்னால, பெரிய ஆபீசரா?" என்று கேட்டார்.

"என் வீட்டுக்காரர்."

"பரீட்சை எனக்கா அவருக்கா?"

"நீங்க கிளட்ச்சைப் பாருங்க."

ஒரு மணி நேரம் ஊருக்குள் ஊர்ந்தார்கள். மீட்டர் பின் சீட்டில் சிறு நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். நான்கு கோடு, குறுக்கே ஒன்று. மறுபடி நான்கு, குறுக்கே ஒன்று. ரொட்டிக்காரர் இறங்கிப் போனதும் எண்ணிக் கூட்டினார்.

"இருநூத்தி அறுபத்தி மூணு" என்றார்.

"என்னது?"

"நீ கிளட்ச் மிதிச்சது. ஒரு மணி நேரத்துல. எட்டு வகுப்புக்கு ரெண்டாயிரத்து நூத்தி நாலு. ஒரு நாளைக்கு." அவர் நோட்டை மூடினார். "நான் ஒரு நாளைக்கு முன்னூறு வீட்டு மீட்டர் பாத்துட்டு வந்து கால் வலிக்குதுன்னு உன்கிட்ட வெந்நீர் கேக்கறேன்."

அவள் கண்ணாடியைச் சரிசெய்தாள்.

"என் தாள்ல இந்த நம்பர் இல்ல" என்றார் மீட்டர். "அதான் ரெண்டு வருஷம்னு விடை வந்துச்சு. இதைப் போட்டா வேற விடை வருது. அந்த வண்டியையே வாங்கிடுவோம்."

"வகுப்புக்குப் போக வேண்டாம்னீங்க."

"அது நேத்து. நேத்து நான் எண்ணல. அப்புறம், நேத்து அந்த முற்றத்துல நீ எனக்குச் சொல்லிக்குடுத்தே பாரு, அதை வேற யாரு குடுப்பா? எனக்கே வண்டி ஓடுச்சு."

எழுந்து ஆடலாம் போல் இருந்தது அவளுக்கு. ஆனால் டீச்சர் டீச்சர்தான். "இருங்க. கியர் கத்துக்க இப்ப பதினோரு பேர் இருக்காங்க. அவங்க எல்லாரும் போயிட்டா புது வண்டியை வச்சு நான் என்ன பண்றது? கேட்டுட்டுத்தான் முடிவு."

"ரொட்டிக்காரரை எதுக்குக் கேக்கணும்? அவருக்குக் கியர்தானே வேணும்?"

"அவரை நான் அனுப்ப மாட்டேன். இன்னும் ஆறு வகுப்பு. முடிச்சுக் குடுத்துட்டுத்தான் விடுவேன்."

மீட்டர் மனசுக்குள் பெருக்கினார். "ஆயிரத்து ஐந்நூத்தி எழுபத்தெட்டு."

"இருக்கட்டும்."

"இடையில ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். மேட்டுக்குப் போறதுன்னா கிளட்ச்சை அவரே மிதிக்கட்டும்."

"உருண்டா?"

"பிரேக்கை நீ மிதி. அது வலது கால்."

பதினெட்டு வருஷத்தில் முதல் முறையாகப் புருஷன் டிரைவிங் பற்றிச் சொன்னது சரியாக இருந்தது. அவள் தலையாட்டினாள்.

மத்தியானம் வகுப்பில்லாத இரண்டு மணி நேரம் காரை ஒரு மர நிழலில் நிறுத்திவிட்டு, மீதிப் பத்துப் பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். மீட்டர் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "எனக்கு முட்டி போயிடுச்சு. இனிமே கியர் வண்டி சொல்லிக்குடுக்க முடியாது. கியர் இல்லாத வண்டி வாங்கலாம்னு இருக்கேன்" என்று முதல் ஆளிடம் சொல்லும்போது குரல் கொஞ்சம் தடுக்கியது. மூன்றாவது ஆளிடம் தடுக்கவில்லை.

ஒரு நர்ஸ், "அப்ப மேட்டுல கிளட்ச் பயமே கிடையாதா? சத்தியமா? எப்ப வண்டி வருது டீச்சர்?" என்றாள். ஒரு கல்லூரி மாணவன், கியர் இல்லாமல் ஓட்டினால் நண்பர்கள் சிரிப்பார்கள் என்றான். ஒருத்தர் மரியாதையாக வேறு பள்ளிக்கூடத்தின் நம்பர் கேட்டார். அவளே எடுத்துக் கொடுத்தாள். கடைசி ஆள், "கியர் இல்லாம அது என்ன டிரைவிங்" என்று சொல்லி, அவள் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார்.

அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு முன் கண்ணாடி வழியே வெறுமனே பார்த்தாள்.

"நாலு பேர் இருக்காங்க. ஆறு பேர் போயிட்டாங்க" என்றாள்.

"நாலு பேர் இருக்காங்கல்ல."

"நாலு பேரை வச்சு ஒரு ஸ்கூல் நடத்த முடியுமாங்க?"

"நீ ஆரம்பிச்சப்போ எத்தனை பேரு?"

அவள் யோசித்தாள். "ரெண்டு பேரு. அதுல ஒண்ணு உங்க தங்கச்சி. ஃபீஸும் குடுக்கல, பாஸும் ஆகல."

மீட்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்து, முடியாமல், டேஷ்போர்டில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து முடிப்பதற்குள் டீச்சர் ஷோரூம் பெண்ணின் நம்பரை அழுத்தியிருந்தாள்.

"நேத்து வந்தோமே, முட்டியில அடிபட்டவங்க. ஆமா, இப்பப் பரவாயில்ல. என் பக்கம் ஒரு பிரேக் மட்டும் பொருத்தித் தர முடியுமான்னு உங்க மேனேஜரைக் கேட்டுச் சொல்றீங்களா? முடியும்னா இன்னைக்கு சாயங்காலமே வந்து கையெழுத்துப் போட்டுடறேன்."